மோஸியின் காதில் பச்சை இல்லை

"டார்ச்சை ஆட்டாதே கோஸ்டா! நேரா பிடி!"

சலவை அறையின் சிமென்ட் தரையில் மண்டியிட்டிருந்த நெரிடா, நாயின் வலது காதை மூன்றாவது முறையாகப் புரட்டினாள். தடித்த தோல் கையுறைக்குள் காது இளஞ்சிவப்பாக விரிந்தது. மெல்லிய ரோமம், ஒரு பழைய உண்ணித் தழும்பு. அவ்வளவுதான்.

இடது காது. அதிலும் ஒன்றும் இல்லை.

கடிக்காமலிருக்க மாட்டிய வாய்க்கூட்டுக்குள்ளிருந்து நாய் உறுமப் பார்த்தது. உறுமல் வரவில்லை. தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டாற்போல ஒரு கரகரப்புத்தான் வந்தது.

"என்னத்தைத் தேடுற? காதுல வைரத்தோடு போட்டு அனுப்பினியா?" என்றான் கோஸ்டா. இருபத்திரண்டு வருடக் கணவன். இரண்டே பேர் நடத்தும் அவர்களுடைய கம்பெனியில் வேன் ஓட்டுநர், எடுபிடி, விதூஷகன் எல்லாம் அவன்தான்.

"பச்சை. ஆண் நாய்க்குக் கருத்தடை அறுவை பண்றப்பவே நம்ம டாக்டருங்க காதுக்குள்ள குத்துவாங்களே, சின்ன வட்டம், குறுக்கே ஒரு கோடு. மோஸிக்கு இருந்தது. நானே தடவிப் பார்த்து என் நோட்டுல எழுதியிருக்கேன்."

"அழிஞ்சிருக்கும்."

"காதே உதிர்ந்தாத்தான் அது அழியும்."

சுவர்க் கடிகாரம் ஒன்று பத்து காட்டியது. ஒன்றே முக்காலுக்குப் பிப்பா வந்துவிடுவாள். ஒன்பது வயது. இந்த நாயைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பதற்காக ஜனவரியிலிருந்து விரல் விட்டு நாளெண்ணிக்கொண்டிருப்பவள்.

நெரிடா தோலுக்கடியிலுள்ள அடையாளச் சிப்பைப் படிக்கும் கருவியை எடுத்து நாயின் தோள்களுக்கு நடுவே நகர்த்தினாள்.

பீப்.

பதினைந்து இலக்கங்கள். கோப்பில் இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"பார்த்தியா?" கோஸ்டா டார்ச்சை அணைத்தான். "அரசாங்கத் தனிமைக் கூடத்துல பத்து நாள் வச்சிருந்து, இதே நம்பரைப் பார்த்துட்டுத்தான் என்கிட்ட ஒப்படைச்சாங்க. பெயர் மோஸி, ஜாதி கெல்பி, நிறம் செம்பழுப்பு, ஆண், அறுவை ஆனது. எல்லாம் டிக். நீ மட்டும் காதுக்குள்ள என்னமோ புதையல் தேடிக்கிட்டிருக்க."

எண் பொய் சொல்லவில்லை. காதும் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் பொய் சொன்னது யார்?

போன வருடம் மார்ச் மாதம் மோஸி முதன்முதலில் இந்த வீட்டுக்கு வந்தது. மெல்பர்ன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் விமானம் பறக்காத நேரமே இல்லாத சன்பரியில் வீடு. வாசலில் ஒரு சின்னப் பலகை: 'செல்லங்கள் போய்வர ஏற்பாடு செய்யப்படும்'. பத்தொன்பது வருடம் கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருந்துவிட்டு நெரிடா தொடங்கிய தொழில்.

பிப்பாவின் அப்பா லாக்லனுக்குப் போர்னியோவில், கூச்சிங் நகரத்தில் ஒரு வருட வேலை. ஆற்றுக்கு மேல் பாலம் கட்டும் பொறியாளர். ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவன், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். மனைவி மொய்ரா அதற்கு நேர் எதிர், எல்லாவற்றையும் மூன்று முறை கேட்பாள்.

"மூணு பேரும் போறோம், மூணு பேரும் பத்திரமா திரும்பி வரணும்," என்றாள் மொய்ரா.

"நாலு பேரும்மா," என்று திருத்தினாள் பிப்பா. நாயின் கழுத்தில் அவள் கை. குட்டியாக இருந்தபோது காதருகே வந்து ஓயாமல் முனகியதால் அதற்குக் கொசு என்று பெயர். இந்த ஊர்ப் பேச்சில் மோஸி.

வருகிற எல்லோரிடமும் சொல்வதையே அவர்களிடமும் சொன்னாள் நெரிடா. "போறது சுலபம். திரும்பி வர்றதுதான் கஷ்டம். அதனால, திரும்பி வர்றதுக்கான வேலையை இங்கிருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சுடணும்."

வெறிநோய் நுழையாத நாடு இது. அதனாலேயே வாசலில் இத்தனை காவல். முதலில் சிப்பையும் நாயையும் ஒப்பிட்டு, இது இதுதான் என்று டாக்டர் கையெழுத்திட வேண்டும். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. மூன்று நான்கு வாரம் கழித்து, ஊசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம். அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதம் ஒரு வருடம் செல்லும். நாட்டுக்குள் மறுபடி நுழைய அதுதான் சாவி.

காகிதம் பாதி, பழக்கம் பாதி. கூண்டைக் கூடத்தில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு போட்டு, அதற்குள்ளேயே தூங்கப் பழக்கினார்கள். விமானத்தில் ஏற்றும்போது சிந்தாமலிருக்கக் கிண்ணத்துத் தண்ணீரை உறையவைத்துக் கொடுத்தார்கள். மோஸி அந்தப் பனிக்கட்டியை மணிக்கணக்கில் நக்கிக்கொண்டிருக்கும். பிப்பா தன் பழைய பள்ளி ஸ்வெட்டரைக் கூண்டுக்குள் விரித்தாள். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் மோஸி தூங்கியது.

விசில் ஒன்றும் உண்டு. இரண்டு குட்டை, ஒரு நீளம். அதைப் பிப்பா அடித்தால் போதும், மோஸி எங்கே நின்றாலும் தொப்பென்று விழுந்து நான்கு கால்களையும் தூக்கிக் காட்டும். கோஸ்டா எத்தனையோ முறை அடித்துப் பார்த்தான். மோஸி அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் பள்ளி திறந்ததால் பிப்பா மட்டும் முன்னாலேயே திரும்பி, பெண்டிகோ ஊரில் லாக்லனின் அக்கா லோரல் வீட்டில் தங்கினாள். அப்பா, அம்மா, மோஸி மூவரும் மார்ச் கடைசியில் வருவதாக ஏற்பாடு. புறப்படவிருந்த நேரத்தில் மொய்ராவிடமிருந்து ஒரு செய்தி: லாக்லனுக்குக் காய்ச்சல். டெங்குவா இருக்கும்னு சொல்றாங்க. நாங்க வர ரெண்டு வாரம் ஆகலாம். மோஸியோட காகிதம் காலாவதி ஆயிடும், அவனை மட்டும் அனுப்பறேன். நீங்க வாங்கி வச்சுக்கோங்க.

எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

தனிமைக் கூடத்திலிருந்து நேற்றுக் காலை நாயை அழைத்துவந்தது கோஸ்டா. நெரிடா ஒரு பூனையோடு சிட்னிக்குப் போயிருந்தாள். இன்று பதினொரு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். சலவை அறையைத் திறந்தவுடன், நாய் அவளைப் பார்த்த பார்வையில் ஏதோ சரியில்லை. கொடுத்தால் சாப்பிடாமல், கூப்பிட்டால் திரும்பாமல், மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றது.

"இந்த ரோமத்தைக் கொஞ்சம் விலக்கு," என்றாள் இப்போது.

கோஸ்டா தோள்களுக்கு நடுவே சீப்பை வைத்து வகிடெடுத்தான். இருவருமே குனிந்தார்கள்.

தோலில் ஒரு வெள்ளைக் கோடு. விரல்நுனி நீளம். இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகத் தையல் தடம்.

"முள்ளுக்கம்பி கிழிச்சிருக்கும்," என்றான் கோஸ்டா.

"முள்ளுக்கம்பி தையலும் போட்டுவிடுமா? சிப்பை ஊசியாலதான் குத்துவாங்க. தழும்பே இருக்காது. இது வெட்டி உள்ளே வச்சது."

"யாரு வெட்டினா?"

"லாக்லன் ஆட்டுப் பண்ணையில வளர்ந்தவன். ஆயிரம் ஆட்டுக்கு அடையாளத்துக்குக் காது வெட்டியிருப்பான். அரிசி மணி அளவு சிப்பை ஒரு நாய்க்குள்ளேயிருந்து எடுத்து இன்னொண்ணுக்குள்ள வைக்கிறது அவனுக்குப் பெரிய காரியமா?"

கோஸ்டா நாயைப் பார்த்தான். கூர்ந்த காது, செம்பழுப்பு ரோமம், ஒல்லி இடுப்பு. அச்சு அசல் கெல்பி. போர்னியோப் பக்கத்துத் தெருநாய்களும் ஏறக்குறைய இதே வார்ப்புத்தான். முகவாயில் மட்டும் ஆறிப்போன இரண்டு பள்ளங்கள்.

"அப்போ நம்ம மோஸி?"

"செத்திருக்கும். பிப்பாகிட்ட சொல்ல மனசு வந்திருக்காது. அச்சு அசலா ஒண்ணு கிடைச்சதும் மாத்திட்டாங்க. புது நாயை முறைப்படி கொண்டுவரணும்னா ஆறு மாசத்துக்கு மேல ஆகும். மோஸியோட காகிதம் ரெடியா இருக்கு. சிப்பை மட்டும் மாத்தினா போதுமே."

கோஸ்டா உதட்டைப் பிதுக்கினான். "அட, பாவம்! நம்ம அம்மா அப்பாவெல்லாம் பண்ணினதுதானே. எனக்கு ஏழு வயசுல ஒரே தங்கமீன் நாலு வருஷம் உயிரோட இருந்தது. எப்படின்னு நினைக்கிற? எங்கம்மா கடைக்கும் வீட்டுக்கும் நடந்தா. விடு நெரி. பிள்ளை சந்தோஷமா வாங்கிட்டுப் போகட்டும். நாம எதையும் பார்க்கலை."

"தங்கமீனுக்கு வெறி பிடிக்காது கோஸ்டா."

கோஸ்டா சீப்பைக் கீழே வைத்தான்.

"வெறியா? நம்ம நாட்லயா? சினிமா பார்த்துக் கெட்டுப்போயிட்ட நீ."

"தடுப்பூசி போட்டது மோஸிக்கு. ரத்தம் எடுத்தது மோஸிகிட்ட. இதோட உடம்புல என்ன இருக்கு, இதை யார் கடிச்சாங்க, எப்போ கடிச்சாங்க, யாருக்குத் தெரியும்? அது உள்ளே போயி மாசக்கணக்குல சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும். பத்து நாள் தனிமையில ஒண்ணும் தெரியாது." அவள் தரையைப் பார்த்தாள். "இது தண்ணி குடிச்சுதா?"

"புது இடம் இல்லையா. கூச்சம்."

"குடிச்சுதா, இல்லையா?"

"இல்லை."

கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. மேலே எச்சில் நூல்நூலாக மிதந்தது. பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் கோஸ்டா அன்போடு உறையவைத்துக் கொடுத்த பனிக்கட்டி தொடப்படாமலே கரைந்து போயிருந்தது. கூண்டுக்குள் பிப்பாவின் ஸ்வெட்டர் நாராகக் கிழிந்து கிடந்தது.

குடிக்கிறதா என்று பார்க்க, கோஸ்டாவை வெளியே அனுப்பிவிட்டு, நெரிடா பின்னாலிருந்து வாய்க்கூட்டின் வாரைத் தளர்த்தி, ஒரே எட்டில் பின்வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து தாழ்ப்பாளைத் தள்ளினாள். வாய்க்கூடு கீழே விழுந்தது. நாய் அதைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இல்லாத ஏதோ ஒன்றை வெடுக்கென்று கடித்தது.

மணி ஒன்று இருபது.

பிப்பாவை வரவிடாமல் நிறுத்த வேண்டும். லோரலுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அவ எடுக்க மாட்டா," என்றான் கோஸ்டா. "கார்ல உட்கார்ந்தா போனைத் தொடறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கா. போன வருஷம் கேமராவுல மாட்டினதுலேருந்து பயம்."

மொய்ராவுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அடித்தாள்: 'இது மோஸி இல்லை என்று எனக்குத் தெரியும். உடனே கூப்பிடுங்கள். உயிர்ப் பிரச்சினை.'

அடுத்து, கால்நடை நோய் அவசர எண். சனிக்கிழமை மதியம். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வயலின் வாசிக்கப் போய்விட்டது.

சமையலறையில் ரேடியோ ஃபுட்டி பந்தாட்டத்தைக் கத்திக்கொண்டிருந்தது. கோஸ்டா நீளக் கைப்பிடிப் பாத்திரத்தில் காப்பி பொங்கவைத்து, கோப்பையை அவள் முன்னால் நகர்த்தினான்.

அந்தக் கையைப் பார்த்தாள் நெரிடா. காதிலிருந்த போன் தானாகக் கீழே இறங்கியது.

"அது என்ன?"

"காப்பி. கிரேக்கக் காப்பி. கல்யாணம் ஆன நாள்லேருந்து குடிக்கிறியே."

"கட்டைவிரல்ல."

"ஓ, இதுவா?" அவன் பேண்ட்-எய்டு ஒட்டிய விரலை ஆட்டிக் காட்டினான். "நேத்து வேன்ல ஏத்தறப்போ ஐயா செல்லமா ஒரு கவ்வு கவ்வினாரு. ரெண்டு சொட்டு ரத்தம். உயில் எழுதணுமா?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எதைச் சொல்றது? முப்பது வருஷமா நாய் கடிக்குது, பூனை பிறாண்டுது, ஒரு தடவை கிளிகூடக் கொத்தியிருக்கு. டைரியில எழுதி வைக்கவா?"

அதுதான். அதுவேதான். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு நாய்க்கடி என்பது முள் குத்துவதைப் போல. கழுவுவான், ஒட்டுவான், மறந்துபோவான். கடித்த நாய் என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் கிடையாது. அவளுக்கே நேற்றுவரை கிடையாது.

"பின்பக்கக் குழாய்க்குப் போ. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே கழுவு."

"ஆட்டம் போயிட்டிருக்கு நெரி. இப்போதான் சூடு பிடிக்குது."

"கோஸ்டா!" அவள் குரல் உடைந்தது. "வௌவால் கடியில இதே ஜாதிக் கிருமி வரும்னு பயந்து ஆஸ்பத்திரியில எங்க எல்லாருக்கும் வெறிநோய் ஊசி போட்டாங்க. எனக்கு இருக்கு. உனக்கு இல்லை. அறிகுறி வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டா ஒண்ணும் ஆகாது. வந்துட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இன்னிக்கே போறோம். இந்தப் பிள்ளை வந்து போனதும் நேரா எமர்ஜென்ஸி."

கோஸ்டா அவள் முகத்தைப் பார்த்தான். வாயில் வந்த ஜோக்கை விழுங்கினான். ரேடியோவை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அதே நொடியில் வாசல் சரளைக்கல்லில் டயர் உரசியது.

மணி ஒன்று முப்பத்திரண்டு. பதிமூன்று நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

நெரிடா முன்கதவுக்கு ஓடினாள். கதவைத் திறந்தபோது காருக்கு வெளியே நின்றது லோரல் மட்டும்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"ரோடு காலியா இருந்தது, பறந்து வந்துட்டோம். ஒரு வாய் டீ குடு தாயே, முதுகு விட்டுப்போச்சு."

"பிப்பா எங்கே?"

"அவ நிப்பாளா? கார் நிக்கறதுக்கு முன்னாடியே குதிச்சுப் பக்கவாட்டுக் கேட் வழியா ஓடிட்டா. வழிதான் அவளுக்கு அத்துப்படியாச்சே."

பக்கவாட்டுக் கேட். அங்கிருந்து நேராகச் சலவை அறையின் பின்வாசல். அதன் மரக்கதவைக் காற்றுக்காகக் கோஸ்டா காலையிலேயே திறந்து வைத்திருந்தான். மிச்சம் இருந்தது ஒரு கம்பி வலைக் கதவு. வலையின் கண் ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கை நுழையும் அகலம்.

நெரிடா கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே ஓடினாள்.

"மோஸி! மோஸிக் குட்டி! யாரு வந்திருக்கா பாரு!"

பிப்பா கம்பிக் கதவின் முன் குந்தியிருந்தாள். ஒரு கையில் பெயர் பொறித்த புதுக் கழுத்துப்பட்டை. மறு கை வலைக்குள் மணிக்கட்டுவரை போயிருந்தது. உள்ளே அந்த நாய் மூலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது, மெதுவாக, பின்னங்கால்கள் லேசாகத் தள்ளாட.

"கையை எடு!"

கத்தியதோடு நிற்கவில்லை. இடுப்போடு அள்ளிப் பின்னால் இழுத்தாள். இருவரும் புல்தரையில் விழுந்தார்கள். அடுத்த கணம் கம்பி வலை அதிர்ந்தது. கை இருந்த இடத்தில் இப்போது பற்கள் இருந்தன. கம்பியைக் கவ்வி, விட்டு, மறுபடி கவ்வின. எச்சில் கயிறாகத் தொங்கியது.

"தொட்டுச்சா? பிப்பா, உன்னை அது தொட்டுச்சா? நக்கிச்சா?"

"இ... இல்லை ஆன்ட்டி."

நெரிடா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கை, மணிக்கட்டு, நகக்கண். ஈரமில்லை. ஒரு கீறலில்லை. இன்னொரு முறையும் பார்த்தாள்.

பிப்பா அழவில்லை. நாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்தாள். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

நாய் விழவில்லை. விசில் சத்தத்தில் அதன் உடம்பு முழுவதும் ஒருமுறை வெட்டி இழுத்தது. வாயைத் திறந்தது. குரைப்பாகத் தொடங்கி ஊளையாக முடியாமல் பாதியில் அறுந்துபோன ஒரு சத்தம் வந்தது.

"இது மோஸி இல்லை," என்றாள் பிப்பா தாழ்ந்த குரலில். உள்ளே கிழிந்து கிடந்த ஸ்வெட்டரைச் சுட்டிக்காட்டினாள். "மோஸி என்னோடதைக் கிழிக்கவே மாட்டான். ஆன்ட்டி, என் மோஸி எங்கே?"

பத்தடி தள்ளிக் குழாயடியில், தண்ணீர்ச் சத்தத்தில் எதையும் கேட்காமல் இப்போதுதான் திரும்பிய கோஸ்டா நின்றிருந்தான். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பேண்ட்-எய்டு சோப்பு நுரையில் ஊறி விரலிலிருந்து பாதி கழன்று தொங்கியது. அவன் பார்வை வலையைக் கவ்விக்கொண்டிருந்த அந்தப் பற்களை விட்டு விலகவில்லை.

நெரிடா மரக்கதவை அறைந்து சாத்திப் பூட்டினாள்.

"லோரல்! பிப்பாவை உள்ளே கூட்டிட்டுப் போங்க. டீ போட்டுக் குடிங்க. யாரும் பின்பக்கம் வரக்கூடாது."

"என்ன ஆச்சு? நாய்க்கு உடம்பு சரியில்லையா? என் தம்பி வர்றதுக்குள்ள தேத்திவிட்டுடுங்க, அவனுக்கு அது உசிரு," என்று சொல்லிக்கொண்டே லோரல் பிப்பாவின் தோளை அணைத்தபடி உள்ளே போனாள்.

நெரிடாவின் கையில் போன் அதிர்ந்தது.

மொய்ரா.

வேலியோரம் போய் நின்றுகொண்டு எடுத்தாள். "மொய்ரா, மழுப்பாதீங்க. மோஸிக்கு என்ன ஆச்சு?"

"செத்துட்டான். பிப்ரவரி மூணாந்தேதி."

"எப்படி?"

"தெருவிலேருந்து ஒரு நாய் கேட்டைத் தாண்டி வந்தது. பெரிய கறுப்பு நாய். எதையும் பார்க்காம நேரா வந்து மோஸியோட கழுத்தைக் கவ்விடுச்சு. பக்கத்து வீட்டு வாட்ச்மேன்கிட்ட சுத்திக்கிட்டிருந்த நாய் ஒண்ணு பாய்ஞ்சு அதோட மல்லுக்கட்டிச்சு. அதுக்கும் முகவாயில கடி. மோஸி சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கலை."

"அந்த வாட்ச்மேன் நாய்தான் இது."

"அப்படியே மோஸி மாதிரி இருந்தான் நெரிடா. அதே நிறம், அதே காது. பிப்பா தினமும் போன்ல 'மோஸி என்ன பண்றான்'னு கேட்பா. ஒரு நாள் வாய் தவறி, 'இதோ தூங்கறான்'னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியலை. சிப்பை லாக்லன்தான் எடுத்து வச்சான். கருத்தடை அறுவைகூடப் பண்ணினோம். உங்க ஃபாரத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா சரி பண்ணினோம். காதுல பச்சை இருக்கணும்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தக் கறுப்பு நாய் என்ன ஆச்சு?"

"மூணாம் நாள் சாக்கடையில செத்துக் கிடந்ததா வாட்ச்மேன் சொன்னான். நாங்க பெரிசா எடுத்துக்கலை."

நெரிடா விரல் விட்டு எண்ணினாள். பிப்ரவரி மூன்று. எட்டு வாரம் தாண்டிவிட்டது. வெறிநோய் வெளிப்படும் கணக்குச் சரியாக இருந்தது. அவள் விரும்பாத அளவுக்குச் சரியாக இருந்தது.

"நாய்ச் சண்டையைப் பிரிச்சது யார்?"

"லாக்லன்தான்."

"மொய்ரா, லாக்லனைக் கூப்பிடுங்க. நான் அவர்கிட்ட பேசணும். காய்ச்சல்ல இருந்தாலும் பரவாயில்லை, போனைக் காதுல வைங்க."

சமையலறை ஜன்னல் வழியாக லோரல் கெட்டிலில் தண்ணீர் பிடிப்பது தெரிந்தது. பிப்பா மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். குழாயடியில் கோஸ்டா இன்னும் கழுவிக்கொண்டிருந்தான்.

"லாக்லன் செவ்வாய்க்கிழமை காலையில போயிட்டான்." மொய்ராவின் குரலில் அழுகைகூட மிச்சமில்லை. "பிப்பாவுக்கும் லோரலுக்கும் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாலு நாளா உட்கார்ந்திருக்கேன். அவனால தண்ணி விழுங்க முடியலை நெரிடா. டம்ளரைப் பார்த்தாலே உடம்பு தூக்கிப்போட்டது. நாய் ஏதாவது கடிச்சுதான்னு டாக்டர் கேட்டாரு. இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னேன். எனக்கு நினைவே வரலை. இன்னிக்கு ரிப்போர்ட்டைக் கையில குடுத்தப்போதான் நினைவுக்கு வந்தது. அன்னிக்கு அவனுக்குக் கட்டைவிரல்ல ரெண்டு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். நான்தான் பேண்ட்-எய்டு ஒட்டிவிட்டேன்."